ஆறுதல் தண்ணி

கரட்டுச்செவலுக்குத் தண்ணீர் லாரி பதினோரு நாளைக்கு ஒருமுறை வரும். வந்தால் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நாங்கள் செய்ததைக் கேட்டுவிட்டு நீங்களெல்லாம் மனுசங்களா என்று கேட்க வருகிறவர்கள், அரிசி களைந்த தண்ணீரில் முகம் கழுவி, முகம் கழுவிய தண்ணீரில் பாத்திரம் அலசி, பாத்திரம் அலசிய தண்ணீரைக் கக்கூசுக்கு எடுத்துவைத்து, அந்தத் தண்ணீரையும் பக்கத்து வீட்டுக்காரி மோந்துகொண்டு போய்விட்டாள் என்று நடுத்தெருவில் நின்று சண்டை போட்டுப் பார்த்தவர்களாக இருந்தால் மட்டும் கேட்கட்டும்.

மினி பஸ் டிரைவர் கோட்டைச்சாமிக்கும் வேலுத்தாய்க்கும் ஒரே மகள், ஜெயக்கொடி. வயது இருபத்துமூன்று. பஞ்சு மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது, இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் டவுனுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. காபியும் கணக்கு, ரசமும் கணக்கு. வேலுத்தாய் ஒரு எவர்சில்வர் டம்ளரை அளவுக்கு வைத்திருந்தாள்: காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பொழுது சாய ஒன்று.

அப்பன் கிட்னியும் சேரவில்லை, ஆத்தா கிட்னியும் சேரவில்லை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்து வைத்திருந்தார்கள். யாராவது செத்து, அவர் கிட்னி இவளுக்குச் சேர்ந்தால் போன் வரும். வந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தப் போனுக்காக வேலுத்தாய் இரண்டு வருஷமாகச் செல்போனை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஊர் வரும். வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும், வீங்கிய காலைப் பார்க்கும், அமுக்கிக்கூடப் பார்க்கும், உச்சுக்கொட்டும், எழுந்து போகும்போது ஒன்றைச் சொல்லும். எரிச்சலூட்டும் பேச்சுக்கு எங்கள் ஊரில் குறைவில்லை. இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் ‘அப்புறம்?’ என்பான் ஒருத்தன். ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்று ஆரம்பிப்பவன் தப்பாகத்தான் எதையோ சொல்லப் போகிறான். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பவன் அப்போது ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் அத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. ‘எல்லாம் சரியாப் போயிரும்.’ இதற்குப் பதில் சொல்ல முடியாது. போகாது என்று சொன்னால் சொன்னவர் முகம் வாடும். ஆமாம் என்று சொன்னால் நம் வாயே நம்மைக் கேலி செய்யும். ஜெயக்கொடி ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொரு தடவை. ராத்திரிச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுக் கிட்ணம்மா வந்து, உட்கார்ந்து, பார்த்து, எழுந்து, “எல்லாம் சரியாப் போயிரும் தாயி” என்றாள். சொன்ன வாய்க்கு ஒரு சாண் முன்னால், வெறும் காற்றிலிருந்து தண்ணீர் ஊற்றியது. வாஷர் தேய்ந்த குழாயில் விழுமே, அப்படி. கிட்ணம்மா முதலில் எச்சில் என்று நினைத்து முந்தானையால் வாயைத் துடைத்தாள். மறுபடி சொன்னாள். மறுபடி விழுந்தது. ஆச்சரியப்பட்டு நிற்கிற பெண்பிள்ளை இல்லை அவள். மூலையில் கிடந்த சொம்பை எடுத்து மோவாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தடவை சொன்னாள். சொம்பு நிறைந்தது. குடித்துப் பார்த்தாள். “நல்ல தண்ணி,” என்றாள். வீட்டுக்கு ஓடிக் குடத்தோடு வந்தாள். அரை மணி நேரத்தில் தெருவே குடத்தோடு வந்தது.

ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வரும் இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டால் தண்ணீர் நின்றுவிடும் என்பது எங்கள் அனுபவம். எப்படி வரும், எவ்வளவு வரும் என்றுதான் பார்த்தோம். வேறு வீட்டில் சொன்னால் வரவில்லை. ஜெயக்கொடி கட்டிலுக்குப் பக்கத்தில், அவள் காதில் விழும்படி சொன்னால்தான் வந்தது. ‘கவலைப்படாத’ என்றால் ஒரு டம்ளர். ‘பாத்துக்கலாம்’ என்றால் வெறும் ஈரம், கையை வைத்தால் பிசுபிசுக்கும். ‘ஆண்டவன் இருக்கான்’ உப்புக் கரித்தது. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொன்ன வாத்தியார் ஒருவருக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி வயிறு வெந்துபோனது. ‘எல்லாம் சரியாப் போயிரும்’ ஒன்றுக்குத்தான் முழுக் குடம், இளநீர் மாதிரி.

சிலருக்குக் குடம் வழிந்தது, சிலருக்கு முக்கால்தான் நின்றது. ரேஷன் கடை சேல்ஸ்மேன் பரமன், செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே, அவள் இருக்கும் பக்கம் திரும்பாமலே சொன்னான். இரண்டு குடம். கிட்ணம்மாவின் பேத்தி பவி, நாலு வயது, ஜெயக்கொடியின் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, “சரியாப் போயிரும்க்கா, நெசமா” என்றது. ஒரு சொட்டு விழவில்லை.

“இவளுக்குச் சொல்லத் தெரியலை,” என்று கிட்ணம்மா பேத்தி தலையில் குட்டினாள்.

ஜெயக்கொடிக்கு அப்போதே புரிந்துவிட்டது. சிரித்தாள். “பெரியம்மா, நெசமா நெனச்சுச் சொன்னா வராது போலருக்கு.”

“அப்படியா தாயி? அப்ப நெனைக்காமச் சொல்லுதேன். வீட்ல துவைக்கிற துணி மலையாக் கெடக்கு.”

எங்களுக்கும் புரிந்தது. புரிந்த பிறகும் குடத்தைக் கீழே வைக்கவில்லை. புரிந்ததை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. சொல்லியிருந்தால் வெட்கப்பட வேண்டியிருக்கும். வெட்கப்பட்டால் மறுநாள் போக முடியாது.

வேலுத்தாய்க்கு மட்டும் வரவில்லை. காலையில் எழுந்து, அளவு டம்ளரில் காபியோடு கட்டில் பக்கம் போய் நின்று, மகள் தலையைத் தடவி, “சரியாப் போயிரும்டி” என்பாள். தரை காய்ந்து கிடக்கும். ஊரெல்லாம் அந்த வீட்டில் நிறைத்துக்கொண்டு போக, அந்த வீட்டு அடுப்படிக் குடம் காலி. இருபது குடத்துக்கு ஒரு குடம் வீட்டுக்காரிக்கு விட்டுவிட்டுப் போவது என்று ஊரில் பேசி முடிவு செய்தார்கள். “பெத்த வாய்க்கு ஒரு சொட்டு இல்லையே, என்ன ராசியோ,” என்று வரிசையில் நின்றவர்கள் பரிதாபப்பட்டார்கள்.

அவள் அடுப்படிக்குத் திரும்பியதும் ஜெயக்கொடி கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு, அம்மா நின்ற இடத்தைத் தடவிப் பார்ப்பாள். “காஞ்சு கெடக்கு,” என்பாள், யாருக்கும் இல்லாமல். பிறகுதான் மாத்திரை போடுவாள். ஒரு நாள் தவறாமல் இது நடந்தது. கோட்டைச்சாமி கட்டில் பக்கம் வாயைத் திறப்பதே இல்லை. மகளுக்குப் பழம் வாங்கி வருவான், முதுகு சொறிந்துவிடுவான், தூக்கிக்கொண்டு போய் வெயிலில் உட்கார வைப்பான். அந்த ஒரு பேச்சை மட்டும் அவன் சொல்லி யாரும் கேட்டதில்லை. சொன்னால் என்ன விழும் என்று அவனுக்குப் பயம்.

சித்திரை, வைகாசி என்று மாதம் ஓட, ஊர் வேறு ஊர் ஆனது. நடுத்தெருவில் பந்தல் போட்டார்கள், நிற்கிறவர்களுக்கு நிழல் வேண்டுமே. மேலத்தெருவுக்குக் காலை, கீழத்தெருவுக்கு மத்தியானம், காலனிக்குப் பொழுது சாய்ந்த பிறகு என்று முறை வைத்தார்கள், காலனிக்காரர்கள் எங்களுக்கு மட்டும் ஏன் கடைசி என்று கேட்டபோது பாத்துக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வீடு கொத்தமல்லி முளைத்தது, மல்லிகை படர்ந்தது, முப்பத்தெட்டு வயது வரை பெண் கிடைக்காமல் இருந்த பரமனுக்குப் பெண் கிடைத்தது, கரட்டுச்செவலில் தண்ணிக் கஷ்டம் இல்லையாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஜெயக்கொடிக்கு ஊர் ஒரு குறையும் வைக்கவில்லை. கட்டில் புதிது, மெத்தை புதிது, மேலே பேன், பக்கத்தில் இன்னொரு பேன். மாரியம்மன் கோயிலில் அவள் பெயருக்கு வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சனை. அவள் குணமாகணும் என்று வாய்விட்டுக் கும்பிட்டோம். மனசுக்குள் என்ன கும்பிட்டோம் என்பது அவரவருக்குத் தெரியும்.

பஞ்சாயத்துத் தலைவர் ராக்கப்பன் ஒரு காரியம் செய்தார். எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய காரியம். அதிகாரிகளைப் பார்த்து, “எங்களுக்கு இனி லாரி வேண்டாம், கஷ்டப்படுற ஊருக்கு அனுப்புங்க” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பேப்பரில் போட்டோ வந்தது. லாரி நின்றது. அன்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் என்றால் ஜெயக்கொடிதான்.

அவளுக்கு அது தெரியும். ஒருநாள் ராக்கப்பன் குடத்தோடு வந்தபோது கேட்டாள். “மாமா, எனக்குக் குணமாயிட்டா என்ன செய்வீங்க?”

“என்ன தாயி இப்படிக் கேட்டுட்ட? குணமாகத்தானே ஊரே வேண்டுது.”

“லாரியையும் நிறுத்திட்டீங்களே.”

“அதெல்லாம் பாத்துக்கலாம்.” குடத்தை நேராகப் பிடித்தார். “எல்லாம் சரியாப் போயிரும்.” குடம் நிறைந்து வேட்டி நனைந்தது.

“நாக்கு வறளுது மாமா,” என்றாள் ஜெயக்கொடி, குடத்தையே பார்த்துக்கொண்டு. “ஒரு வாய் குடுங்களேன்.”

“டாக்டர் வேண்டாம்னுருக்காரே தாயி,” என்றார் ராக்கப்பன், உண்மையான வருத்தத்தோடு.

ஆனி பிறந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, காலை பத்து மணிக்கு வேலுத்தாயின் மடியில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். கேட்டாள். கோட்டைச்சாமியிடம் நீட்டினாள். அவன் “சரிங்க, சரிங்க, வந்துர்றோம்ங்க” என்று எட்டுத் தடவை சொன்னான். சேர்ந்துவிட்டது. இரண்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். காரில் போனால் மதுரை இரண்டு மணி நேரம். நேரம் தாராளம்.

பக்கத்து ஊர் செல்வின் பத்தே முக்காலுக்கு வாடகைக் காரோடு வாசலில் நின்றான். நடுத்தெரு சிமெண்ட் ரோட்டைக் குழாய் பதிக்க என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் உடைத்துப் போட்டிருந்தார்கள். குழாய் வரவில்லை, ரோடும் வரவில்லை, வெறும் கரிசல். காய்ந்திருந்தால் கல் மாதிரி இருக்கும், கார் சிரமமில்லாமல் வந்துவிட்டது. கோட்டைச்சாமி மகளைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தான். வேலுத்தாய் துணிப்பையோடு பக்கத்தில் ஏறினாள். சேதி தெருத் தெருவாக ஓடியது. முறை இல்லாத தெருவும் வந்தது, குடம் இல்லாதவர்கள் அண்டாவோடு வந்தார்கள். மறுநாள் ராக்கப்பன் வீட்டில் காதுகுத்து வேறு. அவள் போனால் குணமாகித் திரும்புவாள், குணமானால் இனி ஒருபோதும் இல்லை, எல்லாருக்கும் கணக்குத் தெரிந்திருந்தது.

“கோட்டை, ஒரு நிமிஷம்பா. ஒரே ஒரு கொடம்,” என்று கிட்ணம்மா ஜன்னலைப் பிடித்தாள்.

“நேரமில்லை மதினி.”

“போறப்ப நல்ல வார்த்தை சொல்றோம், கேக்காமப் போவியா?”

நல்ல வார்த்தை சொல்ல வருகிறவரைத் தள்ளிவிட்டுப் போக எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் வந்து பார்த்தவர்கள், மெத்தை வாங்கிக் கொடுத்தவர்கள், அர்ச்சனை செய்தவர்கள். கோட்டைச்சாமி செல்வினின் தோளில் கை வைத்து, சித்த இரு என்றான். கிட்ணம்மா சொன்னாள், குடம் நிறைந்தது. அடுத்தவள் சொன்னாள், நிறைந்தது. இந்தப் பக்க ஜன்னலில் பத்துப் பேர், அந்தப் பக்க ஜன்னலில் பத்துப் பேர், சரியாப் போயிரும் சரியாப் போயிரும் என்று முன்னால் நின்றவர்கள் சொல்ல, பின்னால் நின்றவர்களும் குடத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சரியாப் போயிரும் என்று கத்த, காதில் விழுந்தால் போதுமே, இருநூறு வாய்க்கு முன்னால் தண்ணீர் கொட்டி, குடத்தில் பாதியும் தரையில் பாதியுமாக ஓடி, கரிசல் அதைக் குடித்து, குடித்து, உப்பி, களியாகி, செல்வின் பொறுமை இழந்து கியரைப் போட்டபோது பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கிவிட்டன.

மணி பதினொன்றே கால்.

செல்வின் இறங்கிப் பார்த்தான். “பத்துப் பேர் தள்ளினா ஏறிரும். வாங்கண்ணே, கை குடுங்க!”

எல்லார் கையிலும் நிறைகுடம். இறக்கி வைத்துவிட்டுத் தள்ளியிருந்தால் கார் ஏறியிருக்கும். ஆனால் நிறைந்த குடத்தை யார் சேற்றில் இறக்கி வைப்பார், சாய்ந்தால் போச்சு, வீட்டில் வைத்துவிட்டு வந்தால் திரும்புவதற்குள் இடம் போச்சு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். என் குடம் பச்சை, கழுத்தில் சிவப்புத் துணி கட்டியது. அது என் இடுப்பில்தான் இருந்தது.

கோட்டைச்சாமி தனியாகத் தள்ளினான். முழங்கால் வரை புதைந்தான். “ஏ, வாங்கய்யா!” என்று கத்தினான். “உங்க கால்ல விழுதேன், தள்ளுங்கய்யா!”

“பதறாதப்பா கோட்டை,” என்றார்கள். “ஒண்ணும் ஆகாது,” என்றார்கள். “எல்லாம் சரியாப் போயிரும்,” என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அவன் முகத்தைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லச் சொல்ல ஊற்றியது, ஊற்ற ஊற்றக் கார் இறங்கியது, இறங்க இறங்க அவன் அழுதான், அவன் அழ அழ நாங்கள் சொன்னோம். ஜன்னல் வழியாக ஜெயக்கொடி, “சும்மா இருங்க, வாயை மூடுங்க எல்லாரும், தயவுசெஞ்சு வாயை மூடுங்க” என்று கும்பிட்டாள். அதற்கும், “சரியாப் போயிரும் தாயி” என்றுதான் வந்தது. எங்களிடம் வேறு வார்த்தை இல்லை.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விடலாம் என்று கோட்டைச்சாமி பார்த்தான். நாலடியில் களி காலைப் பிடித்தது, இருவரும் விழுந்தார்கள். உளுந்துக்காட்டிலிருந்து டிராக்டர் வரும்போது மணி ஒன்றரை. காரை இழுத்து வெளியே போட்டார்கள். அப்போது போன் அடித்தது.

“எங்க இருக்கீங்க?”

“வந்துக்கிட்டே இருக்கோம்ங்க,” என்றான் கோட்டைச்சாமி. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்திருந்தான்.

“எந்த இடம் தாண்டியிருக்கீங்க?”

அவன் சுற்றிப் பார்த்தான். குடங்களைப் பார்த்தான். “கரட்டுச்செவல்,” என்றான்.

ஆஸ்பத்திரிப் பெண், அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு, அடுத்த தடவை கண்டிப்பாகச் சொல்கிறோம், கவலைப்படாதீங்க என்றாள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் அவன் மடியில் விழுந்தது.

முதல்முறையாக ஊர் வாயை மூடிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு மல்லிகைக் கொடியில் வண்டு சுற்றும் சத்தம் கேட்டது. நின்றது நின்றபடி இருந்திருக்கலாம். ராக்கப்பனால் முடியவில்லை. கோட்டைச்சாமியின் தோளைத் தொட்டு, “விடுப்பா. எல்லாம் சரியாப் போயிரும்” என்றார். பம்புசெட் மாதிரி ஊற்றியது. மூன்று பேர் ஓடிவந்து குடத்தை நீட்டினார்கள்.

மறுநாள் காதுகுத்து நன்றாக நடந்தது. இருநூறு பேர் கைகழுவினார்கள்.

அன்று காலை வேலுத்தாய் எப்போதும்போல எழுந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். அளவு டம்ளரில் காபியை ஆற்றி எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் போனாள். வழக்கமான இடத்தில் நின்றாள். மகள் தலையில் இன்னும் களிமண் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று ஒரு நொடி நின்றாள். ஆனால் மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு வருஷமாகப் பார்ப்பதுபோல, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு.

“சரியாப் போயிரும்டி,” என்றாள் வேலுத்தாய்.

சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. வேலுத்தாய் சட்டென்று காலை நகர்த்தி அந்த இடத்தை மிதித்து மறைத்தாள். பாதத்துக்கு அடியிலிருந்து தண்ணீர் விரல் சந்து வழியாக வெளியே வந்து, கட்டில் காலைச் சுற்றி ஓடியது.

ஜெயக்கொடி கையைத் தொங்கவிட்டாள். தரையைத் தடவினாள். விரலை எடுத்துப் பார்த்தாள். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

“கொடத்தை எடுத்துட்டு வாம்மா,” என்றாள். “வீணாப் போகுது.”